டீச்சர் பதில்கள்: இருபத்தேழு பிள்ளைகளும் மேடையேற வேண்டும்

ஆண்டு விழாக் காலம் நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிராமத்துத் தொடக்கப் பள்ளி விழாக்களைப் பற்றியவை. நான் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், முப்பதைத் தொட்டும் தொடாமலும் பிள்ளைகள். அங்கே நடந்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 27 பிள்ளைகள். ஆண்டு விழா நடத்தலாம் என்றால், "இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன விழா? பாதிப் பேர் ஆடினால் பார்க்க ஆள் வேண்டாமா?" என்கிறார் தலைமையாசிரியர். எப்படி நடத்துவது?
— ஓர் இடைநிலை ஆசிரியை, அறந்தாங்கி ஒன்றியம்

இருபத்தேழு நல்ல எண்ணிக்கை, டீச்சர். அறுநூறு பேர் படிக்கும் பள்ளியில் அறுபது பேர் மேடை ஏறுவார்கள், மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். உங்கள் பள்ளியில் இருபத்தேழு பேரும் மைக்கில் பேசலாம். மேடை ஏறாமல் ஒரு பிள்ளைகூட அன்றைக்கு வீட்டுக்குப் போகக் கூடாது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை நிகழ்ச்சி, எவ்வளவு நேரம், யாருக்கு என்ன என்பதெல்லாம் அந்த முடிவிலிருந்து தானாக வரும். பார்க்க ஆள் இருக்காது என்று கவலைப்படவே வேண்டாம். ஒரு பிள்ளை மேடையில் நின்றால் அம்மா, அப்பா, அப்பத்தா, அம்மாச்சி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆறேழு பேர் வந்துவிடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஏறினால் ஊரே வரும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒரே ஓர் அபிநயப் பாட்டு போதும். அதை விழாவின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். கடைசியில் வைத்தால் பாதிப் பிள்ளைகள் அம்மா மடியில் தூங்கியிருக்கும். மூன்றாம் வகுப்புக்கு அவர்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு கதையை நாடகமாக்கலாம். வசனத்தை நீங்கள் எழுதாதீர்கள். கதையைப் பலமுறை பேசவிட்டால் அவர்கள் வாயிலிருந்தே வசனம் வந்துவிடும், மறக்கவும் மறக்காது. நான்கு, ஐந்தாம் வகுப்பு விழாவையே நடத்தட்டும். இரண்டு பேர் அறிவிப்பாளர்கள். இரண்டு பேர் வருகிறவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கட்டும். ஒருவர் அடுத்த நிகழ்ச்சிக்காரர்களைத் திரைக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தட்டும்.

ஆண்டறிக்கையைத் தலைமையாசிரியர் வாசிப்பதுதான் வழக்கம். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி, ஆளுக்கு ஒரு பத்தியாக வாசித்தார்கள். பெரியவர்கள் எழுதினால் 'சிறப்பாக நடைபெற்றது' என்று வரும். பிள்ளைகள் எழுதினதில் முருங்கை எப்போது காய்த்தது, கை கழுவும் குழாய் எத்தனை நாள் வரவில்லை, யார் யார் எத்தனை கதைப் புத்தகம் படித்து முடித்தார்கள் என்று வந்தது. குழாய் விஷயத்தை மைக்கில் கேட்ட மறுவாரமே ஊராட்சியிலிருந்து ஆள் வந்தார்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். ரேடியோ செட் கட்ட வருகிறவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருப்பான். அவனிடம் மைக் ஸ்டாண்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையின் உயரத்துக்கும் ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒன்றாம் வகுப்புக் குட்டிக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கும் வாய்க்கு நேராகக் கச்சிதமாக வைத்தான். விழா தொடங்குமுன் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்னதும் அவன்தான். ஊர் கேட்ட அவனுடைய முதல் பேச்சு அது.

நாளை மட்டும் யோசித்துக் குறியுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள் வீடு திரும்பிக் கை கால் கழுவி வர ஐந்தரை மணி ஆகும். எட்டு மணிக்குள் முடித்தால்தான் அம்மாக்கள் கடைசிவரை இருப்பார்கள். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரின் கவனம் முழுக்க அங்கே போய்விடும். அதற்கு முன்பே, மாசிக்குள் வைத்துவிடுங்கள். கோயில் விசேஷம் முன்னதாக வந்தால் அது முடிந்த மறுநாள் வைக்கலாம். ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் ஏற்கெனவே ஊரில் இருக்கும், குறைந்த வாடகைக்கு ஒத்துக்கொள்வார்கள்.

மேடைக்குத் தாழ்வாரமே போதும். பின்னால் அம்மாக்களின் பட்டுச் சேலை இரண்டு, முன்னால் குருத்தோலைத் தோரணம். வாடகை உடை எடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பாவாடை சட்டையும் வேட்டியும் போதும். தலைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் வசூலிக்கவே கூடாது. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்குக் 'காய்ச்சல்' வந்துவிடும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு வரை என்றால் 25,000 ரூபாய் பள்ளி மானியமாக வருகிறது. அது சாக்பீஸுக்கும் துடைப்பத்துக்கும் பழுது பார்க்கவும் உள்ள பணம், சீரியல் லைட்டில் போட வேண்டாம். ஆண்டு விழாவுக்கென்று அரசு தனியாக ஒரு சிறு தொகை தருகிறது. மீதிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டிப் பேசினால் பந்தல் ஒருவர், மைக் செட் ஒருவர், சுண்டல் ஒருவர் என்று ஏற்றுக்கொள்வார்கள்.

பேச்சாளர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பொன்னாடை போர்த்துவதை அறவே விட்டுவிடுங்கள். மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கெல்லாம் போர்த்தி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது. அது பிள்ளைகளுடைய நேரம்.

என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். வாரத்துக்கு ஒரு 'தினம்' கொண்டாடுகிறார்கள். ஒன்று முடிந்தால் அடுத்ததற்கு ஒத்திகை. படிப்பு எப்போது நடக்கும்?
— ஓர் அப்பா, திருமயம்

உங்கள் கவலை நியாயமானது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. நாலு வாரம் டான்ஸ் ஒத்திகை என்று போனால் அதிலிருந்துதான் கரையும். பிள்ளைகள் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு 'தினம் கொண்டாடினோம்' என்பதில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அப்படி நடந்தால் நீங்கள் தலைமையாசிரியரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஆனால் சரியாகச் செய்தால் அந்த நாளே பாடம் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள். நாங்கள் ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் மட்டும் கோலப்பொடியைத் தடவிவிட்டு வழக்கம்போல விளையாட அனுப்புவோம். கால் மணி நேரத்தில் அந்த நிறம் கதவு, பென்சில், இன்னொரு பிள்ளையின் கன்னம், தண்ணீர்க் குவளை என்று எங்கெங்கே போயிருக்கிறது என்று பிள்ளைகளே தேடிப் பட்டியல் போடுவார்கள். கிருமி என்று நான் தனியாக ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது.

ஜூலை 15 காமராசர் பிறந்த நாள். 1903-ல் விருதுநகரில் பிறந்தவர். அதைத்தான் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று எங்கள் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி எடுப்பார்கள். 'பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்பது மட்டும்தான் கேள்வி. 1956-ல் தொடங்கிய மதிய உணவு தங்கள் பள்ளிக்கு வந்ததைச் சொல்லும் தாத்தாக்கள் இருந்தார்கள். எங்கள் சத்துணவுச் சமையலர் அம்மா, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியபோது தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிச்சடியும் பொங்கலும் சாப்பிடுவது இப்போதைய பிள்ளைகள். மூன்றையும் சுவரில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டால் அதுதான் காலக்கோடு. வரலாறு என்றால் என்ன என்று ஐந்தாம் வகுப்புக்கு அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அப்புறம் சந்தை. இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாள். அந்தச் சமயம் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும் என்பதால் நாங்கள் பொங்கல் விடுமுறைக்கு முன்னால் ஒரு பிற்பகலில் வைப்போம். கடையில் வாங்கிய பாக்கெட் எதுவும் வரக் கூடாது, வீட்டில் விளைந்ததோ செய்ததோதான் வரலாம். வேர்க்கடலை, பனங்கிழங்கு, மஞ்சள் கொத்து, மல்லிகைச் சரம், முருங்கைக்கீரைக் கட்டு, அம்மா சுட்ட அதிரசம் எல்லாம் தாழ்வாரத்தில் சாக்கு விரித்துக் கடை போட்டிருக்கும். ஐந்தாம் வகுப்பு தராசு பிடிக்கும், நான்காம் வகுப்பு எடைக்கல்லைச் சரிபார்க்கும். சின்னப் பிள்ளைகள் ஒரு ரூபாய் நாணயங்களோடு வாங்க வருவார்கள். விலையை அவர்களே வைக்கட்டும். பேரம் பேசுவார்கள், பிற்பகல் போகப் போகப் பூவின் விலையைக் குறைப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கீரைக் கட்டு ஐந்து ரூபாய் என்று விற்றாள். ஏழு கட்டுப் போனது. டப்பாவில் 45 ரூபாய் இருந்தது. 35 தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பணம் கூட வந்தால் சந்தோஷப்பட்டுப் போய்விடலாம் அல்லவா? அவள் போகவில்லை. யார் யார் வாங்கினார்கள், எந்த நோட்டுக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். சமையலர் அம்மா இரண்டு கட்டு வாங்கி இருபது ரூபாய்த் தாள் கொடுத்திருக்கிறார், மீதி வாங்கிக்கொள்ளவில்லை. கழித்தல் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு நான் எதையும் விளக்கியதாக நினைவில்லை. உங்கள் மகனின் பள்ளியில் சந்தை வைப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். வைத்தால் நீங்களும் வாங்கப் போங்கள், சில்லறை எண்ணி வாங்குங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். குடியரசு தினத்துக்கு என்னைக் கொடியேற்றச் சொல்லித் தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். நாங்கள் காலனியைச் சேர்ந்தவர்கள். "எதற்கு வீண் பேச்சு, ஊர்ப் பெரியவர் யாராவது ஏற்றட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். ஒதுங்கிக்கொள்ளலாமா?
— ஒரு தாய் (ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

ஒதுங்காதீர்கள் அம்மா. நீங்களே ஏற்றுங்கள்.

மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் குழு உங்களைத் தலைவியாக வைத்திருக்கிறது. பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதற்குத் தடை வந்த ஊர்கள் நம் மாநிலத்தில் இருந்தன. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, சாதிப் பாகுபாடு இல்லாமல் அவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யச் சொன்னார். உங்கள் தலைமையாசிரியர் சரியாகவே நடந்திருக்கிறார், அவருக்குத் துணையாக நில்லுங்கள். முதல் நாளே எழுத்தில் நிகழ்ச்சி நிரல் போட்டு, கொடியேற்றுபவர் என்று உங்கள் பெயரை எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு படி போகட்டும். எழுத்தில் இருந்துவிட்டால் காலையில் வந்து மாற்றுவது கடினம்.

'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்' என்று நம் பாடப்புத்தகங்களில் அச்சிட்டிருக்கிறோம். பிள்ளைகள் எழுத்துக்கூட்டி அதை வாசிக்கிறார்கள். அதே பிள்ளைகள்தான் கொடிக்கம்பத்தின் கீழே வரிசையாக நின்று, கயிற்றை யார் பிடிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார்கள்.

இனி வேலையைச் சொல்கிறேன், உங்கள் கை நடுங்காமல் இருக்க இது உதவும். குடியரசு தினத்தன்று கொடியை மடித்து உச்சியிலேயே கட்டி வைத்திருப்பார்கள், நீங்கள் கயிற்றை இழுத்தால் அவிழ்ந்து விரியும். சுதந்திர தினத்தன்று கீழிருந்து மேலே ஏற்றுவது முறை. கம்பத்தின் உருளை துருப்பிடித்திருக்கும், இரண்டு நாள் முன்பே எண்ணெய் விடச் சொல்லுங்கள். முடிச்சை முதல் நாள் மாலை ஒருமுறை கட்டி இழுத்துப் பாருங்கள். காவி மேலே இருக்கிறதா என்று கட்டுமுன் பாருங்கள். கொடிக்குள் பூவிதழ் வைக்கக் கொடிச் சட்டம் அனுமதிக்கிறது. மல்லிகை வேண்டாம், ஈரத்தில் துணியோடு ஒட்டிக்கொள்ளும். செவ்வந்தி இதழ் நன்றாக உதிரும்.

மாலையில் கொடியை இறக்கும்போதும் இருங்கள். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரியும்படி மடிக்கப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள். உங்கள் பிள்ளையும் அந்த வரிசையில் இருக்கட்டும்.

எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து பள்ளிக்குக் கல்விச் சீர் எடுக்கப் போகிறோம். சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களும் பணம் அனுப்புகிறார்கள். என்னென்ன வாங்கலாம்?
— ஓர் இளைஞர், கீரமங்கலம் அருகே

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது தம்பி. காதுகுத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் தாம்பாளம் தூக்கி வருவது போல, ஊரே மேளம் கொட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுவருவதை நம் பக்கத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் இந்த ஊரின் பிள்ளை என்று எல்லோர் கண் முன்னாலும் சொல்லும் காரியம் அது.

வாங்குவதற்கு முன் ஆசிரியர்களிடம் போய் உட்கார்ந்து, இருப்புப் பதிவேட்டைப் பார்த்துப் பேசுங்கள். கேட்காமல் வாங்கினால் நாலு சுவர்க் கடிகாரமும் மூன்று பீரோவும் வந்து சேரும், பிள்ளைகள் உட்கார இடம் போய்விடும். பெரும்பாலான சின்னப் பள்ளிகளுக்கு உண்மையில் என்ன வேண்டும் தெரியுமா? கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறும் மோட்டார், உடைந்த குழாய்கள், நல்ல கோரைப்பாய், பெரிய எழுத்தில் அச்சான கதைப் புத்தகங்கள், ஸ்கிப்பிங் கயிறு, பந்து, வண்ணப் பென்சில், வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் குடிக்க மண்பானையும் அதற்கு மூடியும். கழிப்பறை சுத்தம் செய்கிறவருக்குக் கொடுக்கும் பணம் சொற்பம். ஒரு வருடத்துக்கு அதை உயர்த்திக் கொடுக்க நீங்கள் பொறுப்பேற்றால், அது தாம்பாளத்தில் தெரியாது, ஆனால் பெண் பிள்ளைகள் உங்களை வாழ்த்துவார்கள்.

ஊர்வலத்தில் ஒரு விஷயம் பாருங்கள். பணம் போட்டவர்கள் வீட்டுத் தட்டு மட்டும் வரக் கூடாது. எல்லாத் தெருவிலிருந்தும், எல்லா வீட்டிலிருந்தும் ஒரு தட்டு வரட்டும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எங்கள் ஊரில் தனியாக இருக்கும் ஓர் அம்மா இரண்டு முருங்கைப் போத்தை ஈரச் சாக்கில் சுற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அதை வரிசையின் நடுவில் நடக்க வைத்தோம். சத்துணவு சாம்பாரில் முருங்கைக்காய் போடும்போதெல்லாம் அது யார் கொடுத்த மரம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். யார் எவ்வளவு என்று மைக்கில் தொகை வாசிக்காதீர்கள், அது மொய் வீட்டோடு இருக்கட்டும். வந்த பொருள் அத்தனையையும் அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மகள் இரண்டாம் வகுப்பு. திக்கித் திக்கிப் பேசுவாள். ஆண்டு விழா நாடகத்தில் அவளை மரமாக நிற்க வைக்கப் போகிறார்களாம். அழுகிறாள்.
— ஓர் அம்மா, விராலிமலை

ஆசிரியரைச் சண்டையில்லாமல் போய்ப் பாருங்கள். திக்கிப் பேசும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடும்போது திக்குவதில்லை. மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் வெகுவாகக் குறையும். அதைச் சொல்லி, குழுப்பாட்டிலோ சேர்ந்து சொல்லும் குறளிலோ முன் வரிசையில் நிறுத்தக் கேளுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து பாடும் குழுவில் சேர்த்தால் இன்னும் நல்லது. விழாவின் முதல் குரலில் அவள் குரலும் இருக்கும். இரண்டு நாள் முன்பு மைக்கைப் பிடித்துப் பழக விடச் சொல்லுங்கள். வீட்டில் அவள் திக்கும்போது நீங்கள் வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், அவள் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மரமாக நிற்பதை அவளே விரும்பினால் சரி. அழுகிறாள் என்றால் அது அவளுக்கான வேடம் இல்லை.

சினிமாப் பாட்டு இல்லாமல் விழா நடத்தினால் ஊர் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் என்ன செய்தீர்கள்?
— ஓர் ஆசிரியர், கறம்பக்குடி

தடை போடவில்லை சார். ஒரே ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தோம், அதையும் வரி வரியாக வாசித்துப் பார்த்த பிறகுதான். ஏழு வயதுப் பெண் குழந்தையை இடுப்பை ஆட்டிக் காதல் பாட்டுக்கு ஆட வைப்பதை நான் எந்தக் காலத்திலும் அனுமதிக்கவில்லை. ஊர் கேட்டாலும் முடியாது என்றுதான் சொன்னேன்.

ஆனால் ஊருக்கு வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் முளைப்பாரி வைத்துக் கும்மி அடிப்பார்கள். அவர்களையே பள்ளிக்குக் கூப்பிட்டோம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் தொண்டராக இருந்தவள். இரவில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பாடம் நடக்கும், பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். அப்போது எழுத்துப் படித்த ஓர் அப்பத்தாதான் கும்மிக்குத் தலைமை. அவர் பாடப் பாட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். அந்தப் பாட்டு அதுவரை எந்த நோட்டிலும் இல்லை. எழுதி முடித்ததும் அப்பத்தா நோட்டை வாங்கி, வரியின் மேல் விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு சொல்லு விட்டுப்போச்சு தாயி" என்று திருத்தினார்.

விழா அன்று ஐந்தாறு பாட்டிகளும் ஒன்பது பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் கும்மி அடித்தார்கள். அடுத்த வருடம் சினிமாப் பாட்டு வேண்டும் என்று யாரும் கேட்டு வரவில்லை. ஆண் பிள்ளைகளுக்கு ஒயிலாட்டமோ சிலம்பமோ தெரிந்தவர் பக்கத்து ஊரிலாவது இருப்பார், விசாரியுங்கள். கலைத் திருவிழாப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது வேறு, அங்கே நன்றாக ஆடுகிற பிள்ளை போகட்டும். ஆண்டு விழாவில் அந்தத் தேர்வு வேண்டாம்.

பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் கேக், சாக்லேட் கொண்டுவரலாமா?
— ஒரு வாசகி, பொன்னமராவதி

வேண்டாம் என்பேன். ஒரு பிள்ளை கேக் வெட்டினால் அடுத்த பிள்ளையின் அம்மா கடன் வாங்குவார். நாங்கள் மாதக் கடைசி வெள்ளியில் அந்த மாதத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துக் காலை வழிபாட்டில் வாழ்த்துச் சொல்வோம். முடிந்தவர்கள் நூலகத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கலாம். முடியாதவர்கள் ஒரு கதை சொல்லலாம். மே மாதத்தில் பிறந்தவர்களுக்கு விடுமுறையில் போய்விடும் என்பதால் ஜூனில் சேர்த்துக்கொள்வோம், அதை மறந்தால் பிள்ளைகள் மனம் வாடிவிடும்.

இன்னொரு பிறந்த நாளும் எங்கள் பள்ளியில் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் பள்ளி வளாகத்து மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு நட்ட வேம்பு, புங்கன், கொய்யாவுக்கு ஒவ்வொரு நவம்பர் 16-லும் பிள்ளைகள் உயரம் அளந்து சுவரில் குறிப்பார்கள். தங்கள் உயரத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்து நாலு பேர் போகிறார்கள். வழியனுப்பு விழாவுக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?
— ஓர் ஆசிரியர், கந்தர்வகோட்டை

பரிசுப் பொருள் வாங்க அலையாதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் எழுதினது, வரைந்தது என்று பள்ளியில் கிடப்பதைத் தேடி எடுத்து, ஆளுக்கு ஒரு கட்டாகத் தைத்துக் கொடுங்கள். கடைசி இரண்டு வாரம் அவர்கள் பார்த்த வேலைகளை நான்காம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மணி அடிப்பது, நூலகப் பதிவேடு எழுதுவது, செடிக்குத் தண்ணீர் முறை வைப்பது, கொடி மடிப்பது எல்லாவற்றையும் விழாவில் ஒவ்வொன்றாகக் கை மாற்றிக் கொடுக்கலாம். மணியடிக்கும் கட்டையைக் கொடுக்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்த்தீர்களானால் நான் சொல்வது புரியும்.

அவர்கள் சேரப் போகும் நடுநிலைப் பள்ளிக்கு ஒரு நாள் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஆறாம் வகுப்பு எங்கே, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டி, அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் அப்பா அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள், தூரம் என்று நிறுத்திவிடும் பேச்சு அங்கேயே தீர்ந்துவிடும்.

விழாவுக்குப் பெற்றோர் வரும்போது இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழில் வரப்போகும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி எல்லாம் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா என்று அவர்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தப்பாக ஏறிவிட்டால் திருத்துவதற்கு அந்தக் குடும்பம் பல நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இருந்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை வாசியுங்கள்.